கண்ணாடிக்கு வறுத்த அரிசி

"உன் புருசன் கண்ணாடிக்கு அரிசி போடுறாரு, புள்ள பெத்தவளுக்கு மரவள்ளிக்கெழங்கு போடுறாரு. நல்ல குடும்பம்லா!"

பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஜப்பான்காரன் வந்து ரெண்டாவது வருசம். ரெம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். எங்கள் வீட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரிசி வறுக்கிற வாசனை வரும். சாப்பிட இல்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பறவைகளைப் படம் எடுக்கிற பைத்தியம். கேமராவைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் கூடப் போனவர் என் வீட்டுக்காரர் சன்னாசி. ஜப்பான் சண்டை வந்து துரை ஓடும்போது, நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றுமாக ரெண்டு கேமராக் கண்ணாடிகளை இவரிடம் விட்டுப் போனார். ஈரம் பட்டால் கண்ணாடியில் பூஞ்சை பூக்குமாம். அதனால் பிஸ்கட் டின்னில் வைத்து, கூடவே வறுத்த அரிசியைத் துணிப்பையில் கட்டிப் போடுவார். அரிசி ஈரத்தைக் குடித்துவிடும். வாராவாரம் திரும்ப வறுக்க வேண்டும்.

பிள்ளைக்கு மூன்று மாசம். எனக்குப் பால் வற்றிப்போச்சு. அழுது அழுது அதற்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன். "ஏங்க, அந்தப் பையில ஒரு கைப்பிடி எடுத்துக் கஞ்சி வைக்கட்டா?"

"அது கண்ணாடிக்கு. கை வைக்காத!" என்றார். "நான் பால் மரம் வெட்டிட்டு வர மத்தியானம் ரெண்டு மணி ஆவும். நான் இல்லாத நேரம் டின்னைத் தொறந்த, தெரியும் சேதி!"

அன்றைக்கே திறந்தேன்.

ஒரு கைப்பிடி எடுத்து, அந்த இடத்துக்கு அடுப்புக்கரியைப் போட்டுக் கட்டினேன். கஞ்சியைச் சுடச்சுடக் குடித்து, சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். தினமும் இப்படியே. நாலாம் நாள் பால் சுரந்தது. பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது.

ஞாயிறு வந்தது. வறுக்கப் பையை எடுத்தார்.

"போய்த் தண்ணி கொண்டா புள்ள" என்றார்.

திரும்பி வந்தால், சட்டி நிறைய அரிசி! கரியைக் காணோம். அவர் பாட்டுக்கு வறுத்துக்கொண்டிருந்தார். மறுவாரமும் அப்படியே. சாமிதான் கண் திறந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாசம் போயிருக்கும். அவசரத்தில் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அரிசிப் பைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிதான் விழுந்தது. குட்டையைக் காணோம்!

நான் திறந்து திறந்து வைத்ததில் எவனோ பார்த்து எடுத்துவிட்டான். துரை வந்து கேட்டால் இவர் என்ன சொல்வார்? திருடிப் பட்டம் எனக்கு, பழி இவருக்கு.

அவர் வந்ததும் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அவர் சிரித்தார்.

"நீளமானது துரையோடது. இருவாச்சிப் பறவை மர உச்சியில குந்தியிருக்கும், கிட்டப் போனா பறந்துரும். அதைப் படம் புடிக்க அந்த நீளம் வேணும். அதைத் தொடல. குட்டை, துரை எனக்குன்னு குடுத்தது. ரெம்பாவ் பசார்ல கடை வச்சிருக்கிற மீரா சாஹிப்கிட்டக் குடுத்து அரிசியா மாத்திட்டேன்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அதை என் கையில குடுத்தா என்னவாம்? ஒரு மாசமாத் திருட வச்சீங்களே!"

"போன ரேசன் அரிசியில எனக்குக் கஞ்சி ஊத்திட்டு, நீ சட்டியக் கழுவிக் குடிச்சவதானே? கையில குடுத்தா எனக்குல்ல வைப்ப. திருடுன சோத்தத்தான் புருசனுக்குத் தெரியாம முழுசாத் திம்ப!"