கொதிக்காத தண்ணீர்

"ஸ்விட்சுல கை வெக்காதீங்க மாப்ளெ. தள்ளி நில்லுங்க," என்றாள் சொர்ணலதா.

உதயகுமார் தள்ளி நின்றான். தினமும் காலையில் நடப்பதுதான். எழுவான். பல் தேய்ப்பான். சமையலறை வாசலில் வந்து நிற்பான். மாமியார் டீ போட்டுக் கொடுப்பாள். குடித்துவிட்டு வேலைக்குப் போவான்.

"இன்னைக்கு அவருதாம்மா போடணும்," என்றான் கிரண்.

கிரண் சொர்ணலதாவின் மகன். அம்மாவைக் கூட்டிப்போக ஹனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மைசூருக்கு வந்திருந்தான். அவன் அக்கா ஜீவிதா, உதயகுமாரின் மனைவி, இறந்து வருடம் திரும்பப் போகிறது. மகளே போன பிறகு மாப்பிள்ளை வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று ஹனூரில் கேட்காத ஆளில்லை. பெற்ற மகன் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது, என்று அவனையும் சேர்த்துக் கேட்டார்கள். எல்லாருக்கும் சொர்ணலதா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். ஒரு டம்ளர் தண்ணி காய வைக்கத் தெரியாத மனுசனை எப்படி விட்டுட்டு வர்றது?

கிரணால் அதை மறுக்க முடியவில்லை. உதயகுமார் முதலில் கேஸ் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். பாத்திரம் கருகிக் கரியானது. ஹனூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் கிரண் ஒரு கெட்டில் அனுப்பினான். பால், டீத்தூள், சர்க்கரை மூன்றையும் அதற்குள்ளேயே கொட்டிக் காய்ச்சினான் உதயகுமார். கெட்டில் அன்றோடு சரி. அடுத்து இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. அதன்மேல் அலுமினியப் பாத்திரத்தை வைத்து, ஏன் சூடாகவில்லை என்று ஆபீசுக்கு நேரமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். மைக்ரோவேவில் எவர்சில்வர் டம்ளரை வைத்தபோது பொறி பறந்தது. கடைசியில் மொட்டைமாடி சோலார் குழாயில் வருகிற குளிக்கும் வெந்நீரைப் பிடித்து, அதில் டீத்தூளைப் போட்டான். குடித்தும் விட்டான்.

இத்தனைக்கும் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் இன்ஜினியர்.

"மணிக்கு டன் கணக்குல தண்ணியக் காய வச்சு சம்பளம் வாங்கறீங்க. வீட்ல ஒரு டம்ளர் வரலீன்னா எப்படி மாமா?"

"அங்க சூட்டக் காட்ட கேஜ் இருக்கு கிரண்," என்றான் உதயகுமார்.

கிரண் பையிலிருந்து புதுக் கெட்டிலை எடுத்தான். தண்ணீர் கொதித்ததும் தானே அணைந்துவிடும். எங்க கடைக்கு எதுத்தாப்ல இருக்கற டிராக்டர் டிரைவர்கூட இதுல டீ போடறான் என்றான். பிறகு அம்மாவிடம் திரும்பி, போனில் சொன்ன பேச்சு பேச்சுதானே என்று கேட்டான்.

"பேச்சுதான்டா சாமி. அவரு கையால வாய்க்கு வெளங்கற மாதிரி ஒரு டம்ளர் டீ போட்டுக் குடுத்துட்டா, எம்பட பையத் தூக்கிட்டு மறுபேச்சு இல்லாம வர்றேன்."

கிரண் எந்த ஓட்டையும் விடவில்லை. தண்ணீரை அவனே அளந்து ஊற்றினான். பிளக்கை அவனே செருகினான். பால் ஏற்கெனவே காய்ந்திருந்தது. உதயகுமார் ஸ்விட்சைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. அவன் விரல் ஸ்விட்சின் மேலேயே நின்றது.

"ஷாக்கெல்லாம் அடிக்காது மாமா. அமுத்துங்க."

அமுக்கினான். கெட்டில் முனகியது, குலுங்கியது, கொதித்தது, டக்கென்று அணைந்தது. மூன்று பேரும் பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதன் பிறகு கிரண் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உதயகுமார் பாத்திரத்தில் வெந்நீரை விட்டு அலசிக் கொட்டினான். டீத்தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தட்டால் மூடினான். சற்றுப் பொறுத்து வடிகட்டினான். பாலை உயரத்திலிருந்து ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வரும் என்று கிரண் பெருமைப்பட்டுக்கொண்டான், தான் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

கிரண் ஒரு வாய் குடித்தான். கடகடவென்று முழு டம்ளரையும் காலி செய்தான்.

"அம்மா, பைய எடு. ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

சொர்ணலதா தன் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். முகம் சுருங்கியது. சிங்க்குக்குப் போய் மிச்சத்தை அப்படியே கவிழ்த்தாள்.

"தண்ணி கொதிக்கவே இல்ல. பச்சத்தண்ணி வாடை அடிக்குது."

"கொதிச்சுத்தானம்மா அணைஞ்சுது?"

"மிசினு அணைஞ்சுதுன்னா ஆச்சா? குடிச்ச என்ற நாக்குக்குத் தெரியாதா?"

கிரண் உதயகுமாரைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்தான். "சாரி கிரண். எனக்கு வரல," என்றான்.

கிரண் கெட்டிலைக்கூட எடுக்கவில்லை. இந்த வீட்டில் எரிமலையைக் கொண்டுவந்து வைத்தாலும் தண்ணீர் காயாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினான். பக்கத்துச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பாத்திரத்தில் இருந்த மீதி டீயை இரண்டு டம்ளரில் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மா உறிஞ்சிக் குடிக்கும் சத்தமும் கேட்டது. அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"கல்யாணமான நாள்லருந்து ஜீவிதாவுக்குத் தெனமும் டீ போட்டுக் குடுத்த கையாச்சே, அது பாட்டுக்குப் போட்டுருது. அடுத்த வாட்டி அவன் வர்றப்ப மட்டும் இன்னுங் கொஞ்சம் நல்லாக் கெடுத்து வையுங்க மாப்ளெ."