நிதானமான குரல்

குரல் வந்துவிட்டது. ஆனால் அது அவனுடைய பழைய குரல் அல்ல.

மதியம் முழுக்க லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. செய்யட்டுமா, செய்யட்டுமா என்று பல நாள் கேட்டுப் பார்த்தது. இன்று கேட்கவில்லை. அவன் மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பேசாவிட்டால், கண் தெரியாத அவனுக்கு அது வெறும் பலகை.

இப்போது பேசியது. ஒரு பெண். செய்தி வாசிக்கிறவள் போல ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்து, நிறுத்தி, மூச்சு விட்டு.

அவனுக்கு எரிச்சலாக வந்தது.

பழைய குரலை வருடக்கணக்காக வேகம் கூட்டிக் கூட்டிப் பழக்கி வைத்திருந்தான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவனுக்குப் படிக்க மலையாகக் கிடக்கிறது. நிதானத்துக்கு நேரம் ஏது? அந்த வேகத்தில் அவனைத் தவிர யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. கடுகு பொரிய ஆரம்பித்துவிட்டது என்று மனைவி ஜெசிந்தா கேலி செய்வாள்.

அதனால் அவன் ஹெட்போன் மாட்டுவதில்லை. காதை அடைத்துக்கொண்டால் வீடே காணாமல் போய்விடும். மற்றவர்கள் திரையை மறைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் போதும். அவனுக்கு வேகம்தான் மறைப்பு. ஜெசிந்தா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே எதையும் சத்தமாகப் படித்தான்.

எதையும்.

மதியம் திறந்து வைத்திருந்த இணையப் பக்கம் தானாகவே மறுபடி திறந்தது. குரல் தானாகவே படிக்கத் தொடங்கியது.

"பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் குழந்தைகள். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை."

அவன் கண்ட்ரோல் விசையை அழுத்தினான். எந்தப் பேச்சையும் அது ஒன்றே நிறுத்திவிடும்.

நிற்கவில்லை.

லேப்டாப்புக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை. அழுத்திய எதுவும் அதன் காதில் ஏறவில்லை. வேகத்தைக் கூட்டும் விசைகளைத் தட்டினான். ஒலியைக் குறைக்கும் விசையைத் தட்டினான்.

"முதல் அறிகுறி மாலை வெளிச்சத்தில் தெரியும். குழந்தை சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கும்."

அடுக்களையில் குழாய் நின்றது.

மகள் அபிஷாவுக்கு ஆறு வயது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். விளக்குப் போடுவதற்கு முன்னால் அவளுடைய உள்ளங்கை சுவரில் உரசிக்கொண்டே வரும். வாசற்படி வந்ததும் கால் ஒரு கணம் தயங்கும். கண் தெரிகிற பிள்ளைக்குச் சுவர் எதற்கு? அந்த வயதில் அவனும் அப்படித்தான் நடந்தான்.

ஜெசிந்தா கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டாம் என்று அவன் வேண்டிக்கொண்டான்.

அவனுடைய குறை பிள்ளைக்கு வர வாய்ப்பு மிகவும் குறைவு என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். அவள் வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை. இப்போது அவளிடம் எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். சொல்லத் தைரியம் வரவில்லை. படித்துக்கொண்டே இருந்தான். படிக்கப் படிக்க, தானே பிள்ளையின் கண்ணைப் பிடுங்கியது போலிருந்தது.

"இது பரம்பரையாக வரக்கூடியது. பெற்றோர் ஒருவரையொருவர் குறை சொல்வதால் பயனில்லை."

மூடியைச் சாத்தினான்.

உள்ளேயிருந்து பேசியது.

சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம் கூடத்தைக் கடந்து வந்து அறைக் கதவருகே நின்றது. புதிதாக ஓர் அக்கா பேசுகிறாளே, யாரென்று அபிஷா கேட்டாள். பழைய குரலைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் குரல் அவளுக்கும் புரிகிறது.

அவன் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டான். சிரிப்புக்கிடமான காரியம். அமுக்கினால் குரல் அடங்குமா?

ஜெசிந்தாவின் கொலுசு அறைக்குள் வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. பாத்திர சோப்பின் வாசனை.

அவள் கேட்கப் போகிறாள். எத்தனை நாளாகத் தெரியும், ஏன் மறைத்தீர்கள் என்று. கத்தினால்கூடப் பரவாயில்லை. அழுதுவிடக் கூடாது.

"சில பிள்ளைகளுக்குப் பத்து வயதுவரை பார்வை ஓரளவு இருக்கும். அதன் பிறகு," என்றது குரல். நிதானமாக ஒரு மூச்சு விட்டது.

ஜெசிந்தா அவன் காதருகே குனிந்தாள்.

"அடுத்த பாரா இதவிட மோசம். நிறுத்திருங்க. பிள்ள நிக்கா."

அவளே அவன் கைகளை விலக்கினாள். மூடியைத் திறந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

பிறகு அபிஷாவைக் கூப்பிட்டுக்கொண்டு பால் ஆற்றப் போனாள்.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் அதை எப்போது படித்தாள், எத்தனை தடவை படித்தாள், படித்துவிட்டு எப்படி அவன் பக்கத்தில் துணி மடித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கண்ணால் படிக்கிறவர்களிடமிருந்து சத்தம் வராது.