காதுப்பொட்டு

மனநல மருத்துவனான நான், குமுதவல்லியை வைத்தியம் பார்க்காமல் ரிப்பேர் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

ஊரில் எல்லோர் காதுக்குப் பின்னாலும், வேலைகளை நினைவூட்டிப் பேசும் பொட்டுக் கருவி ஒட்டியிருக்கிற காலம் இது. "ஆள் இல்லாதப்ப குரல் கேக்குதா?" என்று கேட்டால் வருகிறவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்பார்கள். அவளும், "ஆமா டாக்டர், திட்டுது" என்றாள்.

"எனக்குந்தாம்மா. பால் வாங்க மறந்தா என் பொட்டு என்னை எருமைங்குது" என்று சொல்லி, நானே விழுந்து விழுந்து சிரித்தேன். கடை விலாசமும் கொடுத்தேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளை அண்ணன் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். சோற்றில் விஷம் என்று குரல் சொல்கிறதாம். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பொட்டை ரிப்பேர் பண்ணவில்லையா என்று கேட்டேன்.

"பொட்டா? இவ அதை வாங்கினதே இல்லையே சார்" என்றார் அண்ணன்.

மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. என் தொப்பைக்கு அங்கே இடம் போதாது.

மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"காதுல ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

அவள் தலையைக் குனிந்தபடி தன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"தப்பு என்னோடதுதான். தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

குமுதவல்லி மெல்ல நிமிர்ந்தாள்.

"நீங்க சிரிச்சப்ப அந்தக் குரலும் கூடச் சேந்து சிரிச்சுது டாக்டர். ரெண்டு பேரும் ஒரே கட்சின்னு நெனச்சுட்டேன்."