ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடக்கும் மணிகள்

அப்பா சமையலறைத் தரையில் மண்டியிட்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஜன்னல் வழியே சரிந்து விழும் காலை வெயிலில் கடுகளவு கண்ணாடி மணிகள் அங்கங்கே மினுங்குகின்றன. "படிச்சிட்டு மணி கோக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று நேற்று அவர் தூக்கியெறிந்த தட்டிலிருந்து சிதறியவை. மகள் மேசையில் கம்பளித் துணி விரித்து, மீட்டெடுத்தவற்றை நிறம் பிரித்துத் தட்டில் இட்டு, மெல்லிய கம்பியில் மறுபடி கோத்துக்கொண்டிருக்கிறாள். மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டிய கழுத்துமாலை; அவளுடைய முதல் ஆர்டர். கம்பியின் முனையைக் கொக்கியில் நுழைத்து மடக்கி, சின்ன உலோகக் குழலைக் குறடால் நசுக்கும்போது எழும் 'நறுக்'கைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அப்பா எழுந்து வந்து எதிரே உட்காருகிறார். அவள் கேட்காமலேயே இன்னொரு குறடை எடுத்து, கொக்கியை மாட்டும் சின்னக் கம்பி வளையம் ஒன்றைத் திறக்கப் பிடித்து இழுக்கிறார். அது கோணிக்கொள்கிறது. "இழுக்கக் கூடாதுப்பா. பக்கவாட்டுல திருப்பித்தான் திறக்கணும். இழுத்தா அப்புறம் சரியா மூடாது." அவர் குறடைக் கீழே வைத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த ஒரு மணியை உள்ளங்கையில் காட்டுகிறார். சொல்ல வந்தது வேறொன்றாக வெளியே வருகிறது. "இந்தப் பச்சை நல்லாருக்கும்மா." "அது நீலம்ப்பா." இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. தட்டில் போடலாமென்று உள்ளங்கையிலிருந்த அந்த மணியோடு அவர் கையை நீட்டுகிறார். மகளின் இரண்டு கைகளும், அவள் நினைக்காமலேயே, தட்டைப் பாய்ந்து மூடிக்கொள்கின்றன. அவர் மணியை மேசை ஓரத்தில் வைத்து, உருண்டு விழாதபடி ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.