கொக்குக் கவர்னர்

"வாழ்த்துரை எண்டுதான் பேர் குடுத்திருக்கிறன். மேடையில ஏறின பிறகு பாருங்க, என்ன நடக்குதெண்டு" என்றாள் இராசமணி.

ரொறொன்ரோவின் மல்வேர்னில், விழா மண்டபத்தின் பார்க்கிங்கில் காரை நிறுத்திய குஞ்சித்தம்பி ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவர். மனைவி சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"எண்பது வயசு மனிசன், மணி. விட்பியில மகளோட ரெண்டு மாசம் இருந்திட்டுப் போக வந்திருக்கிறார். விழாவில வைச்சு அவரை..."

"அவருக்கு மட்டுந்தான் வயசு போகுதா? என்ர மூண்டு ஏக்கர் தென்னந்தோட்டத்துக்கு வயசு போகயில்லையா?"

விஷயம் இதுதான். இன்றைய விழா நாயகர் தில்லையம்பலம் ஊரில் மாகாண ஆளுநராக இருந்தவர். அவர் காலத்தில் சண்டைக்குப் பயந்து வாவிக்கரையிலிருந்து ஏழு குடும்பங்கள் ஓடின. இராசமணி குடும்பமும் அதில் ஒன்று. ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்த்தால், காணி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. 'பறவைகள் சரணாலயம். உள்ளே நுழைவது குற்றம். ஆளுநர் ஆணை.'

மனிதர் வாழ்ந்த இடத்தில் கொக்குக்குக் குடியுரிமை. அன்றிலிருந்து அவருக்குக் கொக்குக் கவர்னர் என்று பெயர். பிறகு அவர் தேர்தலில் நின்றபோது ஏழு குடும்பங்களும் சொந்தபந்தத்தைத் திரட்டி வீடு வீடாக ஏறி இறங்கி, அவரைக் கவிழ்த்த பிறகுதான் ஓய்ந்தன. அவருடைய அரசியல் அத்தோடு முடிந்தது. இராசமணி குடும்பம் பிறகு கனடாவுக்கு வந்துவிட்டது.

இப்போது சண்டை முடிந்து ஒரு வருடம். ரொறொன்ரோவில் யாரைப் பார்த்தாலும் ஊருக்கு டிக்கெட் போடலாமா என்ற பேச்சுத்தான். காணியை எப்படி மீட்பது என்று விசாரிக்க இராசமணி மகள் யதுஷாவை அனுப்பியிருந்தாள். மூன்று நாளாக அவளிடமிருந்து போன் இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. விழாத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா மைக்கை விடுவதாக இல்லை.

"வாவியில மணல் அள்ளுறதை நிப்பாட்டினவர். கரை முழுக்கக் கண்டல் மரம் நட்டவர். பறவைக்கும் ஒரு வீடு வேணும் எண்டு நினைச்ச ஒரே ஆளுநர்."

"எங்கட வீட்டைத் தூக்கிக் குடுத்துத்தானே" என்று இராசமணி பல்லைக் கடித்தாள்.

மேடையில் தில்லையம்பலம் பொன்னாடைகளுக்குள் புதைந்துபோயிருந்தார். மூக்குக்கண்ணாடிதான் வெளியே தெரிந்தது.

"அடுத்து வாழ்த்துரை. திருமதி இராசமணி குஞ்சித்தம்பி."

படபடப்பில் ஒரு படியைத் தவறவிட்டாள். ஆனால் மைக்கைப் பிடித்ததும் குரல் கணீரென்று வந்தது.

"ஐயா, நான் வாழ்த்த வரயில்ல. எங்கட காணியக் கேக்க வந்திருக்கிறன். இருவது வருசம். என்ர அப்பா அதை நினைச்சு நினைச்சே கண்ணை மூடினவர். கொக்குக்கு இரக்கப்பட்டீங்க. எங்களுக்கு ஏன் இரக்கப்படயில்ல?"

ஸ்ரீஸ்கந்தராசா மைக்கைப் பறிக்கப் பாய்ந்தார்.

"விடுங்க தம்பி, அவ கேக்கட்டும்" என்றார் தில்லையம்பலம். இராசமணியைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்க பிள்ளை" என்றார்.

"மன்னிப்பு வேணாம். காணி வேணும்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். "சரியாத்தானே கேக்கிறா" என்று ஒரு குரல். அவ்வளவுதான், பாதி மண்டபம் தட்ட ஆரம்பித்தது. இராசமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் இத்தனை வருடமும் காத்திருந்தாள்.

அப்போது குஞ்சித்தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார்.

"மணி, பிள்ளை லைன்ல. உடன கதைக்க வேணுமாம்."

ஸ்பீக்கர் போன். பக்கத்திலேயே மைக். யதுஷாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, காணிக் கந்தோரில பதிவுப் புத்தகம் எல்லாம் தேடியாச்சு. அப்பிடி ஒரு சரணாலயமே இல்ல. ஐ மீன், கெசட்டில இல்ல, மேப்பில இல்ல, ஒண்டிலயும் இல்ல."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அப்ப அந்தப் போர்டு?"

"போர்டு மட்டுந்தான். சும்மா நட்டு வைச்சிருக்கு. கரை முழுக்க ஆக்கள் வளைச்சுப் பிடிச்சு வேலி போட்டிட்டாங்க, ஹோட்டல் கட்டுறாங்க. எங்கட ஏழு காணியில மட்டும் ஒருத்தரும் கை வைக்கயில்ல. சரணாலயம் எண்டு பயந்திட்டாங்க அம்மா. காணி இப்பவும் தாத்தாட பேரிலதான் இருக்கு."

கைதட்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார்கள்.

"கொக்கு மட்டும் உண்மையாவே வந்திருக்கு" என்று யதுஷா சிரித்தாள். "தென்னை முழுக்க வெள்ளை வெளேரெண்டு."

இராசமணி மெல்லத் திரும்பினாள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"ஐயா, எலக்‌ஷனில உங்களைத் தோக்கடிச்சதே நாங்கதான். அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

தில்லையம்பலம் பொன்னாடைகளை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். முதலில் அவள் கையிலிருந்த மைக்கை வாங்கி அதன் சுவிட்சை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சொல்லியிருந்தா அது வெறும் பலகையாப் போயிருக்கும், பிள்ளை. மகளிட்டச் சொல்லுங்க, போர்டை இப்ப கழட்ட வேணாம். மற்ற ஆறு குடும்பமும் இன்னும் ஊர் திரும்பயில்ல."