பீங்கான் கிண்ணம்

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். நாகூர்ச் சந்தில் வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. பாயில் எல்லோருக்கும் பீங்கான் கிண்ணங்களில் நோன்புக்கஞ்சி ஆவி பறக்கிறது. மகள் ஸுமையாவுக்கு மட்டும், எடை போட்டெடுத்த வெண்ணெயைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்துப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைக்கிறாள் நுஸைபா. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு, டாக்டர் சோற்றையும் சீனியையும் நிறுத்திக் கொழுப்பாகவே கொடுக்கச் சொன்ன பிறகுதான் அடங்கிக் கிடக்கிறது. துபாயிலிருந்து வந்திருக்கும் தம்பி கலந்தர் பாசமாகப் பேரீச்சம்பழம் நீட்டுகிறான். "ஒண்ணே ஒண்ணு, பரக்கத்துக்கு." நுஸைபா தடுக்கக் கை நீட்டுகிறாள். ஸுமையா கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "எனக்கு ஆகாது மாமா. உம்மா, எனக்கும் பீங்கான் கிண்ணம் குடுங்களேன்." வலிப்பு வந்தபோதெல்லாம் அந்தக் கையிலிருந்து விழுந்து உடைந்த கிண்ணங்களின் சத்தம் நுஸைபாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை. தயங்கித் தயங்கி எழுந்து, ஒன்றை எடுத்து வந்து மாற்றி ஊற்றுகிறாள். பாங்கு கேட்கிறது. சின்ன விரல்கள் கிண்ணத்தைத் தூக்குகின்றன. கஞ்சியைத் தொடாமல் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். குடித்து முடித்த ஸுமையா, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு நிமிர்கிறாள். "இதை நானே கழுவி வைக்கட்டுமா, உம்மா?"