ஆர்கன் விட்ட ஏப்பம்

அந்தப் பழைய தியேட்டரில் ஓடிய ஊமைப் படத்தில் ஒரு பேய் இருந்தது. அது வாயைத் திறக்கும்போதெல்லாம், திரைக்குக் கீழே இருந்த ஆர்கன் என்ற இசைப்பெட்டி அதற்காக அலறும். ஜனங்கள் நடுங்குவார்கள். பேய்க்குப் பெருமை பிடிபடாது.

ஒருநாள் ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்தி கிழிந்து, அலறலுக்குப் பதில் ஏப்பம் வந்தது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

"மன்னிச்சிருங்கண்ணே, உங்க மானத்தை வாங்கிட்டேன்" என்று ஆர்கன் அழுதது.

"விடு தம்பி, துருத்தியை ஒட்டினாச் சரியாயிடும்" என்றது பேய்.

மறுநாளே ஒட்டிவிட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் ஏப்பத்தைப் பற்றித்தான் பேச்சு. சிரிக்க வந்த கூட்டம் வாசல்வரை நின்றது.

தம்பியை நம்பி, பேய் வாயை அகலத் திறந்தது.

ஆர்கன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு, நேற்றைவிட நீளமாக ஏப்பம் விட்டது.